ஆறாவது கேள்வி

விபத்து நடந்தபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?
கேள்விக்குக் கீழே நான்கு கோடுகள்.
வில்னிஸ் ஒரே கோட்டில் முடித்துவிட்டான்,
பழக்கமில்லாத இடது கையால்,
காற்றில் சாய்ந்த வேலிபோல எழுத்துகள்:
பெல்ட் ஓடத் தொடங்கியபோது மெஷினைச் சுத்தம் செய்தேன்.

லாத்வியாக்காரன் காதுக்கு அதில் பிழை கேட்காது.
எங்கள் மொழியில் வினைக்கு முன்னால்
ஒரு சின்ன அசையை ஒட்டினால் வேலை முடிந்தது;
ஒட்டாமல் விட்டால் இன்னும் கையில் இருக்கிறது.
அவன் ஒட்டவில்லை. மனசுக்குள் சரியாகத்தான் சொன்னான்.
லிங்கன்ஷயருக்கு வரும் வழியில்
எங்கோ கடலில் விழுந்துவிட்டது
அந்த ஒட்டாமை.

ட்ரெவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"அப்போ, பெல்ட் ஓடியது. பிறகு நீ சுத்தம் செய்தாய்.
ஓடுகிற பெல்ட்டில் கை வைக்காதே என்று
சுவரில் ஏழு மொழியில் ஒட்டியிருக்கிறோமே."
நாளை மாலைக்குள் வேண்டுமானால் திருத்திக் கொடு என்றார்.
நல்ல மனிதர்தான். கம்பெனி பேனாவையும் கொடுத்தார்.

ஐந்து பேருக்கு ஒரு ஃப்ரிட்ஜ் உள்ள சமையலறை.
வியாழக்கிழமை வகுப்புக்குப் போகிறவள் நான் ஒருத்திதான்.
ஐ க்ளீண்ட் இல்லை வில்னிஸ்,
ஐ வாஸ் க்ளீனிங்.
நீளமாகக் கிடக்கும் வேலைக்கு முன்னால் வாஸ், வாலில் இங்.
அதன் குறுக்கே வந்து விழுவதற்கு
வெறும் இறந்தகாலம் போதும்.
கோஸ் இலை உருளைக்கு அடியில் சிக்கியிருந்தது.
நீ அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தாய்.
முதலில் உன் கை உள்ளே. அப்புறம்தான் பெல்ட்.
ஒரு வாஸுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று
அந்த வக்கீலம்மாவைக் கேட்டுப் பார்.

அதற்குப் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை.
மூடி தளர்ந்திருந்ததை நான் தெரிந்துகொண்டிருந்தேன்
என்று எழுதினான். அடித்தேன்.
ஆங்கிலத்தில் அப்படித் தொடர்ந்து தெரிந்துகொண்டிருக்க விடமாட்டார்கள்.
தெரியும், இல்லை தெரியாது.
"வலி?"
வலி தொடரலாம். வலிக்கு அனுமதி உண்டு.
"அப்போ நான் ரேசெக்னேயில் பிறந்துகொண்டிருந்தேன்" என்றான்.
ஒன்பது நாளில் முதல் சிரிப்பு.
கட்டுப்போட்ட கையால் மேஜையைத் தட்டப்போய்
பாதியில் நிறுத்திக்கொண்டான்.

ஏழாவது கேள்வி: அருகில் இருந்தவர்கள்?
போகுமிவா பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.
தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது.
ரேடியோவில் யாரோ கால்பந்துக்குக் கத்திக்கொண்டிருந்தார்.
எழுத எழுத
எதுவும் முடிந்தபாடில்லை.
அந்த வரிகளுக்குள் மணி இன்னும் பத்து நாற்பது.
அவனுக்கு இன்னும் பத்து விரல்.

"நீ?" என்றான், காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பொய் இல்லை. வாஸ் இருக்கிறது, இங் இருக்கிறது,
எந்தப் பரீட்சையிலும் முழு மதிப்பெண்.
பச்சைப் பொத்தான் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

பெல்ட் தொடங்கியது என்றுதான் அவன் எழுதியிருந்தான்.
பெல்ட் தானாகவே தொடங்கிக்கொள்ள
ஆங்கிலத்தில் தடை எதுவும் இல்லை.
ட்ரெவர் அதைத் திருத்தச் சொல்லவில்லை.
வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

பேனாவை வாங்கினேன்.
பெல்ட் என்ற சொல்லை அடித்தேன்.
அதன் மேலே இருந்த இடத்தில்
ஸ்கைத்ரீதே என்ற என் பெயர் அடங்கவில்லை,
ஓரத்தில் வளைந்து இறங்கியது.
அழுத்தியபோது. வெறும் இறந்தகாலம்.
ஒரு நொடி.
அதை நீட்ட இலக்கணத்தில் வழியில்லை, நானும் தேடவில்லை.

உதடு அசைய வாசித்தான்.
மறுபடியும் வாசித்தான்.
"இலக்கணம் சரிதானே?"
சரி என்றேன்.

அடுப்பில் உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது.
இருவருமே எழுந்திருக்கவில்லை.